முழு மாத்திரை

வெள்ளை என்பது ஒரே நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். கீறல் விழுந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள், "சாதா வெள்ளைதானே, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்று கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவைப்பேன். அந்தச் சாதா வெள்ளைக்குள் துளி கறுப்பு இருக்கும், மஞ்சள் இருக்கும், சில வண்டிகளில் நீலம்கூட இருக்கும். அதைக் கண்டுபிடித்து, சரிக்குச் சரி கலந்து, புதிதாக அடித்த இடம் எது என்று வண்டிக்காரரே தேடித் தோற்கும்படி செய்வதுதான் என் தொழில். உங்கள் சட்டையும் இந்தச் சுவரும் ஒரே வெள்ளை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். சுவரில் பச்சை தட்டுகிறது. யாரோ அரைகுறையாகக் கலந்திருக்கிறார்கள்.

அத்தான் சாப்பிட்ட மாத்திரையும் வெள்ளைதான். அதனால்தான் இங்கிருந்து ஆரம்பித்தேன். நானாகத்தான் வந்தேன், யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. தண்ணீர் போதும், தேநீர் வேண்டாம்.

எங்கள் பட்டறையில் மூன்று பேர். ஒடுங்கிய தகரத்தை அத்தான் அடித்து நிமிர்த்துவார். நான் நிறம் கலந்து அடிப்பேன். அக்கா பின்னறையில் உட்கார்ந்து வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பாள். பட்டறைக்கு மேலே வீடு. வீட்டுக்கு மேலே, மொட்டை மாடியில், என் அறை. அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்காதான். கல்யாணமாகிப் போனபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். "பொண்ணு எடுத்தா பையன் இலவசம்னு எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வருஷக்கணக்காகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவரே முதலில் சிரித்தார்.

அவருக்குச் சத்தமில்லாமல் எதையும் செய்யத் தெரியாது. சுத்தியல் அடிக்கிறவருக்குக் காது மந்தம் ஆகும் என்பார்கள். இவருக்குக் காது நன்றாகத்தான் இருந்தது, வாய்தான் கொஞ்சம் பெரியது. தும்மினால் தெருமுனைக்குக் கேட்கும். கோபம் வந்தால் கையிலிருப்பதைத் தரையில் போடுவார், அடுத்த நிமிஷமே "மாப்ளே, அதை எடு" என்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். என் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோனதற்கும் அவர் வாய்தான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அதற்காகவெல்லாம் ஒரு மனிதனை யாரும் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள். நானும் செய்யவில்லை.

அக்காவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. முதலில் மூன்று தனி மாத்திரைகள். தைக்கிற மும்முரத்தில் ஒன்றைச் சாப்பிடுவாள், ஒன்றை மறப்பாள், ஒன்றை இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டு, "ஐயோ, போட்டேனா போடலையா?" என்று எங்களைக் கேட்பாள். டாக்டரம்மா பார்த்தார். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். "ஒண்ணு ரத்தக் குழாயைத் தளர்த்தும். ஒண்ணு அது திரும்ப இறுகாம பாத்துக்கும். இன்னொண்ணு உடம்புல தேங்குற உப்பையும் தண்ணியையும் வெளியேத்தும். மூணும் சேர்ந்து இழுத்தாத்தான் வண்டி நகரும். காலையில ஒண்ணு, அவ்வளவுதான். நல்லா இருக்குன்னு நிறுத்தக் கூடாது, தலை சுத்துதுன்னு நீங்களா குறைக்கவும் கூடாது. எதுவா இருந்தாலும் என்கிட்ட வாங்க" என்றார். தெளிவாகச் சொல்கிற பெண்மணி. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

முதல் சில நாள் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தோம். சில மாதம் கழித்து, ஒரு காலை நேரம், பின்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. துணி நகராமல் ஊசி மட்டும் குத்துகிற சத்தம் எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். கால் மிதியின் மேலேயே இருந்தது, தலை துணியின் மேல் சாய்ந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

ஆம்புலன்ஸில் அவளோடு அத்தான் ஏறினார். நான் பின்னாலேயே போனேன். அவசரப் பிரிவு வாசலில் டாக்டரம்மா, அத்தான் கையோடு எடுத்து வந்திருந்த அக்காவின் மாத்திரைப் பெட்டியோடு வெளியே வந்தார். கிழமைக்கு ஒரு மூடி வைத்த பெட்டி. மூடிகளைத் திறந்து காட்டினார். எல்லாவற்றிலும் பாதிப் பாதி மாத்திரைகள்.

"இதை யார் உடைக்கச் சொன்னது?" என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

அத்தான் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மாட்டிக்கொண்டவர் பார்க்கிற பார்வை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "நான்தாம்மா சொன்னேன். பாதி போதும்னு" என்றார். அவர் வாழ்க்கையில் மெதுவாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

அக்கா சில வாரம் பேச்சில்லாமல் கிடந்தாள். கையைப் பிடித்தால் பிடிப்பாள். அதுவும் நின்றது. பிறகு அவளும் போய்விட்டாள்.

அவளுக்கு ஒரே மகள். வேறு ஊரில் வேலை. நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். இவ்வளவு உயரம் வளர்ந்து, பத்துப் பேரை வைத்து வேலை வாங்கினாலும் எங்களுக்குக் குட்டிதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தன் அப்பாவிடம், "நீங்களாப்பா சொன்னீங்க?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசியதெல்லாம் தொலைபேசியில், "சாப்டாச்சா? சரி. மாமாகிட்ட கொடுங்க" என்பது மட்டும்தான். என்னிடம் மணிக்கணக்காகப் பேசுவாள்.

எனக்கு அத்தான் மேல் வெறுப்பு வந்தது. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் சாப்பிடுகிற சத்தம் பிடிக்கவில்லை. அவர் செருப்பு கிடக்கிற விதம் பிடிக்கவில்லை. அக்காவின் தலையணையில் அவர் தலை வைத்துத் தூங்குவதை ஒரு மத்தியானம் பார்த்தேன். போய்ப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது. ஆனால் கீழே போய் என் வேலையைப் பார்த்தேன். வெறுப்பு மட்டும் இருந்திருந்தால் இத்தோடு போயிருக்கும். பல வீடுகளில் மனிதர்கள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டு கடைசிவரை ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள்.

அக்கா போன சில மாதத்தில், ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க அத்தான் டாக்டரிடம் உடம்பைக் காட்டப் போனார். அவருக்கும் அழுத்தம் கூடியிருந்தது. அதே டாக்டரம்மா. கிட்டத்தட்ட அதே மாத்திரை, சேர்ப்பில் சின்ன மாற்றம். அடுத்த நாள் காலையில் மேஜையில் உட்கார்ந்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து, சாமி கும்பிடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

"உன் அக்கா விட்ட தப்பை நான் விடமாட்டேன் மாப்ளே. முழுசா போட்டுடணும்" என்றார்.

முழுசாக. அவளுக்குப் பாதி, தனக்கு முழுசு. என் கையில் ரொட்டித் துண்டு இருந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆமா அத்தான். முழுசா போடுங்க" என்றேன். அந்த நிமிஷத்தில்தான் முடிவு செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் எந்த எண்ணமும் இல்லை.

அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்க முடியாது. பிதுக்கும்போது ஒன்றிரண்டு கீழே உருண்டுவிடும். பாதி உயிர் போன மாதிரி தேடுவார். "மாத்திரைப் பெட்டியை நானே நிரப்பித் தர்றேன், நீங்க மூடியைத் திறந்து வாயில போட்டாப் போதும்" என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு உன் கண்ணு போதும்" என்றார்.

பார்க்க அதே மாதிரி இருக்கிற வேறு மாத்திரையைக் கண்டுபிடிக்க நான் பல கடை ஏற வேண்டியிருந்தது. உண்மையான மாத்திரை சுத்த வெள்ளை இல்லை, பாலில் பழுப்பு தட்டிய மாதிரி. ஓரம் சற்று வளைந்திருக்கும், நடுவில் ஒரு கோடு. ஏதேதோ சத்து மாத்திரைகள் வாங்கினேன். ஒன்று சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஒன்று பளபளத்தது. கடைசியில் ஒன்று கிடைத்தது. வெயிலிலும் விளக்கடியிலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கே வித்தியாசம் பிடிபட நேரமானது. கோடு மட்டும் கொஞ்சம் ஆழமில்லை. அதை நானே சரிசெய்துகொண்டேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்யும்போது மனசு அவ்வளவு அமைதியாக இருந்தது. அக்கா போன பிறகு எனக்கு அப்படி ஒரு அமைதி வந்ததில்லை.

நான் அவருக்கு விஷம் எதுவும் கொடுக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கிற மாத்திரையைத்தான் கொடுத்தேன். அவருடைய மாத்திரையைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அவருக்கென்று வாங்கிய உண்மையான மாத்திரைகளையெல்லாம் மேலே என் அறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை.

வீட்டில் அழுத்தம் பார்க்கிற கருவி ஒன்று வாங்கினார், கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினால் எண் காட்டுகிற கருவி. அதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. தினமும் காலையில் நான்தான் பட்டை சுற்றுவேன். "கையைத் தளர்வா வைங்க அத்தான், பேசாதீங்க" என்பேன். பேசாமல் இருப்பது அவருக்குப் பெரிய தண்டனை. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உதட்டை அழுத்திக்கொண்டு இருப்பார். கருவி எண்ணைக் காட்டும். நான் வேறு எண்ணைச் சொல்வேன். "நூத்தி இருபத்தெட்டு. பிரமாதம்." அவர் முகம் மலரும். உண்மையான எண் என் கண்ணுக்கு மட்டும். சில நாள் அதைப் பார்த்ததும் கருவியை அவசரமாக அணைத்துவிடுவேன். ஆனால் அடுத்த நிமிஷம் அந்தப் பெட்டியில் கிடந்த பாதி மாத்திரைகள் கண்ணுக்குள் வந்துவிடும்.

டாக்டரம்மாவிடம் போனபோது அங்கே அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. அவர் என்னைத்தான் கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறாரா?"

"என் கையாலதான் கொடுக்குறேன் டாக்டர்."

"வீட்டுல பார்த்தா எவ்வளவு இருக்கு?"

அத்தான் முந்திக்கொண்டார். "நூத்தி முப்பதைத் தாண்டினதே இல்லைம்மா. மாப்ளே தினமும் பார்க்குறான்."

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். சிலருக்கு டாக்டரைப் பார்த்தாலே அழுத்தம் ஏறிவிடுமாம், வீட்டில் சரியாக இருந்தால் பயமில்லை, ஆனாலும் கவனமாக இருங்கள் என்றார். வெளியே வந்ததும் அத்தான் பலமாகச் சிரித்தார். "இந்தம்மாவைப் பாத்தா எனக்குப் பயமாமே மாப்ளே. எம் பொண்டாட்டிக்கே நான் பயந்ததில்ல" என்றவர், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வண்டியை எடுத்து வந்தேன்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அவர் உப்பைக் குறைத்தார். காலையில் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். புகைப்பதை விட்டார். உப்பில்லாத சாப்பாட்டை முகம் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, "உயிர் மேல ஆசை வந்துடுச்சு மாப்ளே, கேவலமா இருக்கு" என்பார். பின்தலையில் வலி என்று சொன்னால், "தூக்கம் பத்தலை" என்பேன். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றால், "அது கண்ணு விவகாரம். அறுவைச் சிகிச்சைக்குப் பயந்தா இப்படித்தான்" என்று கேலி செய்வேன். குட்டி தொலைபேசியில், "நீங்க இல்லைன்னா அவரை யாரு மாமா பார்ப்பாங்க?" என்பாள். "நான் பார்த்துக்குறேன்மா, நீ கவலைப்படாதே" என்பேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு காலை, பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குட்டி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் முடிவாகும் போலிருந்தது, அதைப் பற்றிப் பேச. அத்தான் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி, "மாப்ளே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"கேளுங்க."

"குட்டி வர்றப்போ அவகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு இருக்கேன். உன்னைக் கேக்காம சொல்லக் கூடாதுன்னுதான் இத்தனை நாள்."

"எந்த உண்மை?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உன் அக்கா மாத்திரையைப் பாதியா உடைச்சது எனக்குத் தெரியவே தெரியாது மாப்ளே. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் சொன்னா. நாக்கு குழறுது, ஆனா அதைச் சொல்லாம விடலை. தலை சுத்துதுன்னு உன்கிட்ட கேட்டாளாம். மூணு மருந்தை ஒண்ணுல அடைச்சா கெட்டியாத்தான் இருக்கும், பாதியாக்கிப் போடுன்னு நீ சொன்னியாம். தம்பிக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டான்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா."

"டாக்டர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க, நான்தான்னு."

"நீ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தியே. வேற என்னடா சொல்லச் சொல்ற?"

கழற்றிய பட்டையைச் சுருட்டினேன். அவர் என் கையைத் தொட்டார். "நீ வேணும்னா சொன்ன? அக்கா மேல உனக்கு இருந்த பாசம் எனக்குத் தெரியாதா? நான் தூக்கிச் சுமந்துட்டுப் போயிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா எம் பொண்ணு என்னை ஒரு கொலைகாரனைப் பாக்குற மாதிரி பாக்குறா மாப்ளே. அவ கல்யாணத்துல என்னை ஓரமா நிக்க வச்சிருவாளோன்னு பயமா இருக்கு. அவகிட்ட மட்டும். வேற யாருக்கும் தெரிய வேண்டாம். அவ உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டா, நான் பாத்துக்குறேன்."

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். செத்துப்போனவள் வாயால் சொல்ல வைத்துவிட்டார். யாரும் போய்க் கேட்க முடியாது. தன் தலையில் இருந்த பழியை எடுத்து, எவ்வளவு பாசமாக, கையைப் பிடித்துக்கொண்டு, என் தலையில் வைக்கிறார். எனக்குக் காதுக்குள் இரைந்தது. ஆனாலும் நிதானத்தை விடவில்லை. "சொல்லுங்க அத்தான். குட்டி வரட்டும். நானே கூட இருக்கேன்" என்றேன். அவர் கண் கலங்கி, "நீ எவ்வளவு பெரிய மனுஷன்டா" என்றார். அன்றைய மூடியைத் திறந்து மாத்திரையை அவர் கையில் வைத்தேன். தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன். முழுசாக விழுங்கினார்.

அந்த வாரம் சமையலை நான் ஏற்றுக்கொண்டேன். "குட்டி வர்றா, வீட்டை ஒழுங்குபடுத்துங்க, அடுப்படியை நான் பாத்துக்குறேன்" என்றேன். உப்பில்லாமல் நாக்கு செத்துக்கிடந்த மனிதர், "இன்னைக்கு என்ன இவ்வளவு ருசி?" என்று இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். "உங்க நாக்கு திருந்திடுச்சு" என்றேன். பட்டறையில் ஒரு பழைய வண்டி கிடந்தது, பக்கவாட்டு முழுக்க நசுங்கியது, இரண்டு ஆள் செய்கிற வேலை. காலையில் கருவி காட்டியதை நீங்கள் பார்த்திருந்தால் அவரைப் படுக்கையை விட்டே எழுப்பியிருக்க மாட்டீர்கள். நான், "நூத்தி இருபது. இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கு. குட்டி வர்றதுக்குள்ள அந்த வண்டியை முடிச்சுடலாமே" என்றேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பனியனோடு இறங்கினார்.

சுத்தியல் சத்தம் நின்றபோது நான் என் மேஜையில்தான் இருந்தேன். உடனே போகவில்லை. கையிலிருந்த டப்பாவின் மூடியை இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, பிறகு போனேன். தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வாய் இழுத்திருந்தது, அக்காவுக்கு இழுத்த மாதிரியே. கண் என்னைத்தான் பார்த்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. நான் பக்கத்தில் குனிந்து, "இப்ப எப்படி இருக்கு அத்தான்?" என்று கேட்டேன். அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக இருந்தது. கேட்டபோது மனசு நிறைந்துதான் போனது, அதை மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

குட்டி வந்தபோது அவர் இருந்தார், ஆனால் பேச்சு இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் என்னைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். "மாமாவைப் பாத்துக்கச் சொல்றீங்களாப்பா? பாத்துக்குறேன்பா" என்றாள் குட்டி. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மறுநாள் காலையில் போய்விட்டார்.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நானும் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் எல்லோரும் போன பிறகு குட்டி அவருடைய பழைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவோடு பேசாமல் இருந்துவிட்டேனே, அவர் தெரியாமல்தானே சொல்லியிருப்பார், அம்மா இருந்திருந்தால் மன்னித்திருப்பாளே என்றெல்லாம் அழுதாள். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. என் அக்காவைக் கொன்றவருக்காக என் அக்கா மகள் அழுகிறாள். அவர் தானாகச் சாகவில்லை, செய்ததற்கான தண்டனையைத்தான் அடைந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. இப்படிப் பேச்சு மூச்சில்லாமல் போய்விட்டால் தண்டனைக்கு என்ன மரியாதை? அதனால்தான் வந்தேன். அக்கா சாவதற்கு அத்தான் காரணம், அத்தான் சாவதற்கு நான் காரணம். இந்த வரிசையிலேயே எழுதுங்கள். மாற்றி எழுதிவிடாதீர்கள். குட்டி இதைப் படிக்க வேண்டும்.

அவர் அன்று அப்படிச் சொன்ன பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். மேலே அறையில் உண்மையான மாத்திரை அவ்வளவு இருந்ததே, மறுநாளிலிருந்து அதைக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். குட்டி வருவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்று நினைத்தாயா என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அக்காவுக்காகத்தான் செய்தேன், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அக்காவுக்காகத்தான். ஒரு பொய்யைக் கேட்டுவிட்டு எதற்காக நிறுத்த வேண்டும்? அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் எதையும் சொல்லவில்லை. அப்படி ஒரு நாளே நடக்கவில்லை, நடந்திருந்தால் எனக்கு நினைவிருக்காதா? அன்றைக்குப் பள்ளிக்கூட வேன் ஒன்றுக்கு மஞ்சள் கலந்துகொண்டிருந்தேன், ஒரு சொட்டுத் தவறினாலும் பச்சை தட்டிவிடும். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒரு நிமிஷம்" என்றாள். கை வேலையாக இருந்ததால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.